வயர் என் கையில் இருந்தது

மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு இரண்டு தெரு தள்ளிப் பிறந்தவள் நான், சாவு மேளத்தைக் கேட்டுக்கொண்டே சோறு தின்று வளர்ந்தவள், பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். எனக்கு எழுத்து குறைவு, கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன். பிழை இருக்கலாம், பொய் இருக்காது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

எண்ணூர் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் கூட்டித் துடைக்கிறேன். என் வீட்டுக்காரர் ஏழுமலை அங்கேதான் வேலை செய்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் கன்டெய்னர் சரிந்து யார்டுக்குள்ளேயே போய்விட்டார். பின்வாசல் வழியாக ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். அன்றைய வருகைப் பதிவின் நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. அவர் உள்ளே வந்த நேரம் இருக்கும், வெளியே போன நேரம் இருக்காது. அதற்குப் பிறகு எனக்கு இந்த வேலையைக் கொடுத்தார்கள், நான் கெஞ்சி வாங்கவில்லை.

மாடியில் ஏசி அறையில் மூன்று கம்ப்யூட்டர் பெட்டிகள் உண்டு. மற்ற கம்ப்யூட்டர்களுக்குள் திருடன் நுழைகிறானா என்று பார்ப்பதுதான் அவற்றின் வேலை. மூன்றும் கூட்டாளிகள், ஒன்று கேட்டால் இன்னொன்று கொடுத்துவிடும்.

போன ஆயுத பூஜையன்று காலை எல்லாரும் முன்வாசலில் பூசணிக்காய் உடைக்க நின்றார்கள், நான் சந்தனக் கிண்ணத்தோடு மாடிக்குப் போனேன். ஓடுகிற மிஷினில் ஈரக்கை வைக்கக் கூடாது என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார், அதனால் மூன்றாம் பெட்டியின் கரண்ட் வயரைப் பிடுங்கினேன், துடைத்துப் பொட்டு வைத்தேன், சந்தனம் காயட்டும் என்று வயரைக் கையில் பிடித்தபடி கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

விடுமுறை முடிந்ததும் மேனேஜர் கூப்பிட்டார். மூன்றாம் பெட்டி வழியாக யாரோ பழைய பதிவு ஒன்றை எடுத்திருக்கிறார்களாம்.

"அதுல என்னம்மா சொருவின? பென்டிரைவ் யார் குடுத்தது?"

"சொருவல சார், புடுங்கினேன்."

பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் சிரித்தான். "பாத்தியா சார், அதுவே ஒத்துக்கினு கீது!"

"டேய் நைனா, அது இதுன்னாத, உங்கம்மா வயசு எனக்கு. பொட்டு வெக்கப் புடுங்கினேன். திருட வந்தவ சந்தனம் வெச்சிகினா குந்தினு இருப்பா?"

வேலை போய்விடும், போலீஸ் வரும் என்றார் மேனேஜர். வேலை போகட்டும், ஏழுமலை பெண்டாட்டி திருடி என்று நாங்கள் குடியிருக்கும் காத்திவாக்கம் முழுக்கப் பேசுமே என்றுதான் நகராமல் நின்றேன்.

பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஜெசிந்தா தூத்துக்குடிப் பெண். அறைக் கேமராவை ஓட்டிக் காட்டினாள். பதிவு போனது பதினொன்று நாற்பதுக்கு. அந்த நேரத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன், கையில் வயர்.

"கேமரா கடிகாரம் தப்பா இருக்கும்" என்றார் மேனேஜர்.

"கேமரா, பெட்டி ரெண்டு கடிகாரமும் ஒரே நேரம்தான் சார். இந்தப் பெட்டிக்கு பேட்டரியும் கிடையாது."

மேனேஜர் படத்தை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். என் மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

பிறகு ஜெசிந்தா திரையில் இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு, திரும்ப இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு என்று வரிசையாகக் காட்டினாள். "தனகோட்டிம்மா, இதுக்கு ஒரு படி மேல ஏறு, இன்னொரு படி ஏறுன்னு அர்த்தம். அப்படியே ஏறி, போகக் கூடாத ரூமுக்குள்ள போயிருக்கு. கூட்டாளி மூணாம் பெட்டி கேக்குதுன்னு முதல் பெட்டி எதையும் பாக்காம விட்டுட்டு. இந்த ஓட்டையை அடைக்கச் சொல்லி பெட்டி செஞ்ச கம்பெனியில முன்னாலயே சொன்னாவ, பூஜை முடியட்டும்னு நான்தான் விட்டுட்டேன்."

"கேட்டது யாரும்மா?"

"அதான் தெரியல."

அப்படி வெளியே போன பதிவைத் திறந்தாள். எனக்குக் கூட்டாமல் படிக்க வருவது இரண்டே பெயர்கள், என்னுடையதும் அவருடையதும். ஏழுமலை என்று இருந்தது. ஆறு வருஷத்துக்கு முந்தைய அதே பக்கம். நகலில் வெறுமையாக இருக்கும் இடத்தில் இப்போது எழுத்து இருந்தது. ஜெசிந்தா மெதுவாகப் படித்தாள்: வெளியே சென்றது, முன்வாசல், பதினொன்று நாற்பது. தேதி, நான் பொட்டு வைத்த அந்த ஆயுத பூஜைத் தேதி.

எனக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. வாளியை எடுத்துப் போய் மாடிப்படியைத் துடைத்தேன்.

ஓட்டையை மறுநாளே அடைத்துவிட்டார்கள். ஜெசிந்தாவிடம் ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை, இன்றைக்கு வரை யாரிடமும் சொன்னதில்லை. பிடுங்கிய வயரைக் கால் மணி நேரம் பிடித்திருந்தேன் இல்லையா, அந்த ஏசிக் குளிரில் என் விரல் எல்லாம் மரத்துப்போயிருந்தது. வயர் மட்டும் ஆள் கை போலச் சூடாக இருந்தது, திடீரென்று ஆறும் வரை.