கவிழ்த்து வைத்த கூழ்ப்பானை

ரமலான் பிறந்த மறுநாள் காலையில் மாமா வீட்டுக் கொல்லையில் கூழ்ப்பானை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கழுவிக் காயவைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த நாளும் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் அதன்மேல் ஒரு கோழி ஏறி நின்றது.

ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்து ஆளுக்கொரு ஊரில் ஒதுங்கியிருக்கும் நம்மவர்களுக்கும், இன்னும் அங்கேயே இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்ற நர்ஸ். உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் சுகாதார நிலையத்தில் வேலை. தங்கியது அம்மாவின் அண்ணன் வீட்டில். ஏரிப் பாசனத்தில் மாமாவுக்கு நல்ல நிலம் இருக்கிறது. நடவு, களை, அறுப்பு எல்லாம் காலனி ஆட்கள். அவர்களுக்கு நண்பகலில் கேழ்வரகுக் கூழ் இந்த வீட்டிலிருந்து போகவேண்டும். அது தர்மம் அல்ல, கூலியோடு சேர்ந்த பேச்சு.

"கூழ் இல்லையா மாமி?" என்று கேட்டேன். மாமி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"உனக்கு நோன்பு இல்லாத நாளா? மெதுவா சொல்லக் கூடாதா? அடுக்குக்குப் பின்னால பழைய சோறு கீது. துன்னுட்டு வாயத் தொடச்சிக்கினு வா."

"எனக்கில்ல மாமி. வயல்ல இருக்கிறவங்களுக்கு."

"அதுவா? நோன்பு மாசத்துல கூழு ஊத்தற பழக்கம் இந்த வூட்ல இல்லம்மா."

நான்காம் நாள் எஸ்தரைத் தூக்கி வந்தார்கள். நவரைப் பருவ நடவில், மாமாவின் வயல் சேற்றிலேயே மயங்கி விழுந்திருக்கிறாள். ஏழு மாதக் கர்ப்பம். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். ரத்தமே இல்லாத வெளுப்பு. மரக்குழாயை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தேன். குழந்தையின் துடிப்பு கேட்டது. முந்தைய இரவுக்குப் பிறகு அவள் எதுவும் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, அவளைத் தூக்கி வந்த கன்னியம்மா சிரித்தாள்.

"இன்னா நர்ஸம்மா, தெரியாத மாதிரி கேக்கற? எங்க வயித்துக்கும் சேத்துதானே உங்க மாமா நோன்பு வெச்சிக்கினு கீறாரு. சொர்க்கத்துல எங்களுக்கும் ஒரு மூல பாத்து வெக்கச் சொல்லு."

அவள் போன பிறகு வார்டு நோட்டில் ஒரு பட்டியல் எழுதினேன். கோபம் வந்தால் எனக்கு அதுதான் வழி. நோன்பிலிருந்து விலக்குப் பெற்றவர்கள்: நோயாளி, பயணி, தள்ளாத முதியவர், குழந்தை, கர்ப்பிணி, பாலூட்டுகிறவள். எஸ்தர் கர்ப்பிணி. அவள் முஸ்லிமாகவே இருந்தாலும் மார்க்கம் அவளைச் சாப்பிடச் சொல்லியிருக்கும். அவளோ ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவள். அப்படியானால் அவளை யார் பட்டினி போட்டது?

மாலை, நோன்பு திறக்கும் பாயில் அதை மாமாவிடமே கேட்டேன். கஞ்சி, வடை, சமோசா எல்லாம் முடிந்து ஆட்டுக்கால் சூப்புக்கு வந்திருந்தார். வயிற்றில் ஒரு பங்கை மூச்சுக்கு விட்டுவைக்கச் சொல்லும் மார்க்கத்தில் பிறந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார்.

"நோன்பு வெச்ச பொம்பளைங்க பகல்ல கூழு கரைச்சிக்கினு, வெங்காயம் அரிஞ்சிக்கினு கெடந்தா மனசு கெட்டுப் பூடும்மா. ஆசைய கண்ணுலயே காட்டக் கூடாது. எங்க அத்தா காலத்துலேர்ந்து இப்டித்தான்."

அவர் கொடுமைக்காரர் அல்ல. அதை உண்மையாகவே நம்பினார் என்பதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. கூழைக் கண்டால் உடைந்துபோகிற நோன்பு என்ன நோன்பு? தன் ஆசைக்குக் கடிவாளம் போடச் சொன்னால், இவர் அடுத்தவர் வாயில் அல்லவா பூட்டுப் போடுகிறார்!

ரங்கூன் ஆஸ்பத்திரியில் நோன்பு மாதத்தில்கூட மதியம் பன்னிரண்டு மணிக்கு நான்தான் நோயாளிகளுக்குக் கஞ்சி ஊட்டுவேன். மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா சேமியா மணக்கும் அந்த வார்டில் ஒருநாள்கூட என் நோன்பு முறிந்ததில்லை. கூட வேலை பார்த்த மா சேன் பௌத்தப் பெண். விரத நாட்களில் நண்பகலுக்கு மேல் ஒன்றும் உண்ணமாட்டாள். "உனக்குப் பகல் இல்லை, எனக்கு ராத்திரி இல்லை. ரெண்டு பேரையும் சேர்த்தால் ஒருத்தி ஒழுங்காகச் சாப்பிடுவாள்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியின் தட்டை எடுப்பாள். எங்கள் பசியை நாங்கள் யார் தலையிலும் ஏற்றவில்லை.

அன்று மாலையே, அடுப்பு அணையுமுன் கூழ் காய்ச்சி வைத்தேன். மாமி கேழ்வரகு மாவை எடுத்து என் பக்கம் நகர்த்திவிட்டு, "நான் ஒண்ணியும் பாக்கல" என்று திரும்பிக்கொண்டாள். மறுநாள் மதியம் கரைத்தேன். வெங்காயம் அரிந்தேன். வாசனை மூக்கில் ஏறியது. பசித்தது. அவ்வளவுதான்.

பானையோடு வயலுக்குப் போய்த் திரும்பியபோது மாமா வாசலில் நின்றார். "வூட்டு மானத்த வரப்புல ஊத்திட்டு வந்துட்ட. கட்டின துணியோட வந்தவளுக்கு இம்மாம் வாயா? வேற எடம் பாத்துக்கோ."

தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்தின் பின்னறைக்கு வந்தேன். அடுத்த நாள் நடவுப் பெண்கள், கூழ் வந்தால்தான் நடவு என்று, நாற்றுக்கட்டை அவிழ்க்காமல் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். வெயில் ஏறியது, நாற்று வாடியது. மதியத்துக்குள் மாமி தலையில் பானை வந்தது. என்னைத் திரும்பி வரச் சொல்லி மட்டும் யாரும் வரவில்லை.

அன்று பொழுது சாயும் நேரம் கன்னியம்மா ஒரு சொம்போடு வந்தாள்.

"எஸ்தரு வவுறு ரொம்பத் துன்னா. உனுக்குன்னு எடுத்து வெச்சேன். துன்னு."

"பாங்கு சொல்லணும்."

"பொழுதுதான் பூட்ச்சே, பர்மாக்காரி?"

அங்கே எங்களைக் 'கலா' என்பார்கள், அந்நியர் என்று அர்த்தம். இங்கே நான் பர்மாக்காரி. சொம்பை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ரங்கூனில் இந்நேரம் சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அங்கே என் நோன்பு முடிந்துவிட்டது. இங்கே இன்னும் முடியவில்லை. கன்னியம்மாவும் போகாமல், பள்ளிவாசல் பக்கம் காதை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.