மாடிக்கு யாரும் வராத மழை

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை. நான் உடனே பெரிய பாத்திரத்தை எடுத்து, அது நிறைய டீ போட்டேன். ஹாலில் பாய்களை விரித்தேன். மாடிப்படி லைட்டைப் போட்டு, கதவையும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

யாரும் வரவில்லை.

ஏன் வரவேண்டும்? தெருவில்தான் தண்ணீர் ஏறவே இல்லையே.

ஆம்பூரில் எங்கள் தெருவின் பின்பக்கம் ஒரு கானாறு உண்டு. மலையில் மழை பெய்தால் இறங்கி வந்து பாலாற்றில் சேரும். மற்ற நாட்களில் அதை ஆறு என்று யாரும் சொல்லமாட்டார்கள் — தோல் துண்டு, செருப்பு அட்டை, பிளாஸ்டிக், முள்செடி. மழைக்காலத்தில் போக வழியில்லாமல் தெருவுக்குள் நுழைந்துவிடும்.

அப்போது தெருவே என் வீட்டுக்கு வந்துவிடும். மாடி இருப்பது என் வீட்டுக்கு மட்டும்தான். மனைவி இறந்த பிறகு அங்கே நான் ஒருவன். எதிர்வீட்டு ஷகீலா சமையலறையைக் கைப்பற்றிக்கொள்வார். அவருடைய மாமியார் என் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னா சார், காலேஜ்ல அத்தினி வருஷம் பாடம் எடுத்தீங்க... டீ போட யாரும் சொல்லித் தரலயா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும்.

தண்ணீர் வடிந்ததும் போய்விடுவார்கள். அப்புறம் அடுத்த மழை வரை, "நல்லா இருக்கீங்களா சார்?" "இருக்கேம்மா." அவ்வளவுதான்.

போன வருஷம் கானாற்றைத் தூர்வார ஏற்பாடாயிற்று. ஒரே ஒரு சிக்கல். தண்ணீர் திரும்புகிற இடத்தில் என் பின்சுவர் ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. ஷகீலாவின் கணவர் சாதிக் வந்து கேட்டார். "உங்க செவுரு ஒண்ணுதான் சார். அத கொஞ்சம் உள்ள தள்ளிக் கட்டிட்டா போதும். நீங்க சரின்னா பொக்லைன் வந்துடும்."

"வக்கீலைக் கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

எந்த வக்கீலையும் கேட்கவில்லை. அந்த மாதம்தான் இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் நீர்நிலைகளைக் காப்பது பற்றி எழுதியிருந்தேன். ஞாபகம் இருக்கிறதா? பலர் பாராட்டினீர்கள். சுவர் அப்படியே நின்றது.

இடத்தின் மேல் ஆசையா? அங்கே இருந்தது ஒரு கறிவேப்பிலைச் செடி. காரணம் அது இல்லை. கானாறு சரியாகிவிட்டால்... என் மாடிக்கு யார் வருவார்கள்?

சாதிக் மறுபடி வந்தார். "வக்கீல் ஊர்ல இல்லப்பா" என்றேன். அதற்குள் மழை வந்துவிட்டது.

அந்த முறை தண்ணீர் ஜாஸ்தி வேகம். குழந்தைகளையும் மாமியாரையும் மேலே ஏற்றுவதற்குள் ஷகீலாவின் மெஷின் முழுகிவிட்டது. ஷூவின் மேல்பாகம் தைக்கிற கனமான மெஷின். கம்பெனியில் வெட்டிக் கொடுக்கும் தோலை வீட்டிலேயே தைத்துத் தருவார். தோலும் ஊறிப்போயிற்று.

அன்று அவர் சமையலறைப் பக்கம் வரவில்லை. ஜன்னலோரம் நின்று தன் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "எங்களால உங்களுக்குதான் எவ்ளோ பேஜார் சார்" என்றார்.

தண்ணீர் வடிந்ததும் சாதிக்கைக் கூப்பிட்டுச் சுவரை இடிக்கச் சொன்னேன். வக்கீல் என்ன சொன்னார் என்று அவர் கேட்கவே இல்லை.

கோடையில் வேலை முடிந்தது. போன செவ்வாய்க்கிழமை தண்ணீர் யார் வீட்டையும் எட்டிப் பார்க்காமல் பின்பக்கமாகவே போயிற்று. நான்தான் எட்டி எட்டிப் பார்த்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன் — இன்னும் கொஞ்சம் ஏறாதா என்றுதான் பார்த்தேன்.

பிறகு டீயைக் கொட்டிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். ஷகீலா ஒரு பழைய மெஷினில் தைத்துக்கொண்டிருந்தார். வக்கீல் கதை பொய் என்றேன். ஏன் சொன்னேன் என்பதையும் சொன்னேன். மெஷின் நின்றது.

மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தார். "அந்த டீய குடிக்க ஆள் சேக்கவா சார் இவ்ளோ பண்ணீங்க?"

ஷகீலா சிரிக்கவில்லை. "ஒரு வார்த்த கூப்ட்டிருந்தா சும்மாவே வந்திருப்போமே சார். மெஷினாவது பொழச்சிருக்கும்."

வெள்ளம் என்றால் கதவைத் திறக்க நமக்குத் தெரிகிறது. வெயில் நாளில் எதிர்வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட மட்டும் ஏதாவது ஒரு காரணம் வேண்டியிருக்கிறது.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் வாங்கம்மா."

"பாக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு, மறுபடி தைக்க ஆரம்பித்தார்.

ஞாயிறு வந்து போயிற்று. பாய்களை நான் இன்னும் சுருட்டவில்லை. இதை எழுதும்போது வெளியே மழை. தண்ணீரும் வரவில்லை, அவர்களும் வரவில்லை. எதிர்வீட்டில் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது.

ஓடட்டும்.