கோபுரக்கரைச் சாடி

நல்லூர் மாதர் சங்கக் கட்டடத்தின் முன்கூடத்தில் தையல் வகுப்பு நடந்தது. பின்கூடத்தில் மண் வேலை. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம். செய்த பாண்டங்கள் விற்றால் அது அடுத்த சூளைக்கு விறகாகவும் மண்ணாகவும் திரும்பிவிடும். தையல் கற்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு 1963இல் அங்கே சேர்ந்த சாரதாமணி, கொஞ்ச நாளிலேயே பின்கூடத்துக்கு நகர்ந்துவிட்டாள்.

அவள் தறிக்காரர் வீட்டுப் பெண், தறிக்காரர் வீட்டு மருமகள். மண் மிதிப்பது குயவர் வேலை என்பதை அவள் தெருவில் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் தினமும் வீடு திரும்புமுன் நகக்கண்ணில் ஒட்டிய மண்ணை ஈர்க்குச்சியால் குத்தி எடுத்துவிடுவாள். இடுப்பில் ஒரு நூல்கண்டு இருக்கும், யாராவது கேட்டால் காட்டுவதற்கு.

பின்கூடத்தில் அவளுக்குத் தோழியாக அமைந்தவள் முத்தாத்தாள். குயவர் தெருக்காரி, ஏறக்குறைய ஒத்த வயது. வீட்டில் பானை வனைந்து பழகியவள், பீங்கான் பூச்சு கற்பதற்காக வந்திருந்தாள். தெருவில் எதிர்ப்பட்டால் முத்தாத்தாள் ஒதுங்கி நின்று, "போயிட்டு வாங்க அம்மிணி" என்பாள். சங்கத்துக்குள் வந்துவிட்டால் அதெல்லாம் போய்விடும். "ஏ புள்ள சாரதா, சக்கரத்தை இப்படி முறைச்சுப் பாத்தா அது பயந்துக்குமா?" என்று சிரிப்பாள். சாரதாமணியும், "நீ சும்மா இரு புள்ள" என்பாள். பிறந்த ஊரை விட்டு வந்த பிறகு அவளை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை.

அடுத்த தைப்பொங்கலை ஒட்டித் திருப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கத்தின் கண்காட்சி நடந்தது. சாரதாமணி ஓர் ஊறுகாய்ச் சாடி செய்து வைத்திருந்தாள். நீலப்பூச்சு. கழுத்தைச் சுற்றிப் புடவையின் கோபுரக்கரையை அப்படியே ஊசியால் கீறியிருந்தாள். மண் வேலை சொல்லிக்கொடுத்த அய்யாசாமி விருத்தாசலத்தில் பீங்கான் வேலை படித்தவர். சூளையிலிருந்து அதை எடுத்ததும் தலைக்கு மேலே தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

மேசைக்குப் பின்னால் அவளும் முத்தாத்தாளும் நின்றிருந்தபோது, கணவரின் அக்காள் பழனியம்மாள் நான்கைந்து உறவுப் பெண்களோடு உள்ளே வந்தாள்.

"சாரதா, நீ எங்கெ இங்கெ?"

"தையல்காரங்களும் வந்திருக்கோமுங்க, நங்கையா."

பழனியம்மாளின் கண் சாடியில் நின்றது. "நம்ம தறியில ஓடுற கரையாட்டவே இருக்குதே. ஆரு செஞ்சது?"

சாரதாமணியின் கை தானாக நீண்டது. "இவங்கதாங்க."

முத்தாத்தாள் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஆமாங்க, நாந்தானுங்க" என்றாள்.

"அதானே பாத்தேன். அவங்க குலத்தொழிலு, கையில வந்துருது. நம்மூட்டுப் பொம்பளை மண்ணுல கை வெப்பாளா?" என்ற பழனியம்மாள், தொடப்போன கையை மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். உடன் வந்தவர்கள் சிரித்தார்கள். சாரதாமணியும் சிரித்தாள்.

அத்தோடு முடியவில்லை. சாயங்காலம் பரிசு கொடுத்தார்கள். முதல் பரிசு அந்தச் சாடிக்குத்தான். எதற்குப் பரிசு என்று சொல்லாமல் அய்யாசாமி ஒலிபெருக்கியில் சாரதாமணியின் பெயரை மட்டும் சொன்னார். அவள் பழனியம்மாளின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"உன்ற பேராட்டம் இருக்குதே?" என்றாள் பழனியம்மாள்.

"வேற ஆரோங்க."

அவர் மறுபடியும் கூப்பிட்டார். யாரும் எழவில்லை. கடைசியில் முத்தாத்தாள் மேடையேறி, "அவங்க வரலீங்க" என்று சொல்லிப் பரிசுத் தட்டை வாங்கிக்கொண்டு இறங்கினாள். பார்த்துக்கொண்டிருந்த சாரதாமணிக்குக் காது மடல்கள் எரிந்தன. வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கும்போதும் அந்தச் சூடு ஆறவில்லை. தான் சிரித்ததுதான் திரும்பத் திரும்ப நினைவில் வந்தது.

மாசி பிறக்கும் வரை அவள் சங்கத்துப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு நாள் போனாள். முத்தாத்தாள் சக்கரத்திலிருந்து எழுந்து நின்றாள்.

"வாங்க அம்மிணி. உங்க தட்டு உள்ள இருக்குதுங்க, எடுத்துக்குங்க."

"முத்து, அன்னைக்கு நான்..."

"அதெல்லாம் ஒன்னுமில்லீங்க. உங்களுக்கும் குடும்பம் இருக்குதில்லீங்களா."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருக்கலாம். அந்த மரியாதைக்கு முன்னால் சாரதாமணிக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று.

பங்குனியில் குடும்பத்தோடு எல்லோரும் சிவன்மலைக்குப் போனார்கள். சாமி கும்பிட்டுவிட்டுக் கட்டுச்சோற்றைப் பிரிக்கும்போது, அத்தனை பேர் முன்னாலும் சாரதாமணி சொன்னாள்: "நங்கையா, அந்தச் சாடி நான் செஞ்சதுங்க. மேடையில கூப்பிட்டது என்னையத்தானுங்க. ஒரு வருசமா நான் மண்ணு வேலைக்குத்தானுங்க போறேன்."

பழனியம்மாள் கையிலிருந்த உருண்டையை இலையில் போட்டுவிட்டு எழுந்து போனாள். சாரதாமணியின் கணவர் கந்தவேல் வீடு வரும்வரை அவளிடம் பேசவில்லை. வந்த பிறகும் சில நாள், "தண்ணி", "சோறு" என்பதோடு சரி. அந்த வைகாசியில் பழனியம்மாளின் மகள் கல்யாணத்தில் ஆரத்தி சுற்றச் சாரதாமணியைக் கூப்பிடவில்லை. முறைப்படி அவள் சுற்ற வேண்டியது. கடைசிப் பந்தியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தாள். முத்தாத்தாள் வாழ்நாளெல்லாம் எத்தனை பந்தியில் இப்படி உட்கார்ந்திருப்பாள் என்று அப்போது யோசித்தாள். உட்காரவே விட்டிருக்க மாட்டார்கள் என்பது அடுத்த கணமே உறைத்தது.

சங்கத்துக்குப் போவதைக் கந்தவேல் தடுக்கவில்லை. இரண்டு பெண்களும் பல வருடம் அடுத்தடுத்த சக்கரத்தில் வேலை செய்தார்கள். பழைய பேச்சு திரும்பவில்லை. முத்தாத்தாள் குடும்பம் உடுமலைப்பேட்டைக்குக் குடிபோன பிறகு சாரதாமணி ஒருமுறை தேடிப்போய்ப் பார்த்தாள். முத்தாத்தாள் நன்றாகத்தான் உபசரித்தாள், கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். பஸ் ஏற்றிவிடவும் வந்தாள்.

1974இல் கட்டடத்தை ஒரு பனியன் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்கள். அதுவரைக்கும் பின்கூடத்தில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு மண் பிசையச் சொல்லிக்கொடுத்தவள் சாரதாமணிதான். சொந்தக்காரர் முன்னால் உண்மையைப் போட்டுடைத்த கதை அவர்கள் காதுக்கும் எட்டியிருந்தது. "உங்களுக்கு எத்தனை தைரியமுங்கக்கா!" என்று அவர்களில் ஒருத்தி சொன்னபோது, சாரதாமணி தலை நிமிரவில்லை.

"அதுக்கென்ன தைரியம் வேணும் கண்ணு? மேடையில கூப்பிட்ட அன்னைக்கு எந்திரிச்சிருக்கோணும். நான் உக்காந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, பிசைந்த மண்ணைப் பலகையில் ஓங்கி அடித்தாள்.