இருபத்திரண்டு படங்களுக்கு ஒரே சிரிப்பு

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு மிஸ் இருந்தாளாம்; அவள் வாயைத் திறந்தால் முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்குமாம். ஊர் ஹெப்பகோடி, மிஸ் நான். சின்னப் பிள்ளைகளுக்கு ஓவியம் காட்டும் வேலையில் முதலில் போவது தொண்டை, அடுத்துப் போவது மானம். எனக்குத் தொண்டை இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. இதே வேலையில் இருப்பவர்கள் யாராவது இதைப் படிப்பதாக இருந்தால், கதவைச் சாத்திக்கொண்டு படியுங்கள். உங்களிடமும் இப்படி ஒன்றாவது இருக்கும்.

ஆணி

எங்கள் நர்சரியில் வெள்ளிக்கிழமை கடைசி ஒரு மணி நேரம் என்னுடையது. ஏதாவது ஓர் ஓவியத்தின் அச்சுப்படத்தைச் சுவரில் மாட்டி, பிள்ளைகளைப் பாயில் உட்காரவைத்து, "என்ன தெரியுது?" என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த இரண்டாவது பாதிதான் எனக்கு வராது. தாத்தாவிடம் கதை கேட்டே சோறு தின்று வளர்ந்தவள் நான். ஒரு படத்தைப் பார்த்தால் அதன் முன்கதை, பின்கதை எல்லாம் வரிசைகட்டி வந்து நிற்கும். முதல் வாரம் மாட்டியது கரையில் கட்டிக் கிடக்கும் ஒரு சிவப்புப் படகு. படகோட்டி எங்கே போனான் என்று ஒரு நல்ல கதை தயாராக வைத்திருந்தேன்.

"என்ன தெரியுது?" என்றேன். "கேக்கல மிஸ்" என்றது பின்வரிசை. மறுபடி கேட்டேன். நாலரை வயது தர்ஷன் கையைத் தூக்கி, "ஆணி" என்றான். "தப்பு. படத்துக்குள்ள பாரு" என்று சொல்லிவிட்டேன். என்ன தெரிகிறது என்று நானே கேட்டு, தெரிந்ததைச் சொன்ன பிள்ளையிடம் நானே தப்பு என்றேன். பிறகு என் கதையை ஆரம்பித்தேன். கதையில் படகோட்டி பாதி ஆறுகூடத் தாண்டியிருக்க மாட்டான். ஆணி பிடுங்கிக்கொண்டு படம் சரிந்து என் தோளில் விழுந்தது. தர்ஷன் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் சொன்னான்: "நான் அப்பவே சொன்னேன்ல?"

கண்ணில் தூசி

ஒரு நாள் இருபத்திரண்டு பேரையும் பஸ்ஸில் ஏற்றி, நகரத்துக்குள் இருக்கும் ஓர் ஓவியக் கூடத்துக்குக் கூட்டிப்போனோம். எல்லோரும் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வாட்ச்மேன் எங்களைப் பார்த்ததும், "எதையும் தொடக்கூடாது" என்று தமிழிலும் கன்னடத்திலும் சொல்லிவிட்டு, சந்தேகத்துக்கு இந்தியிலும் சொன்னார்.

கடைசி அறையில் ஒரு படம். வாசலில் ஒரு பெண் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறாள். முகம் தெரியாது, முதுகும் பெரிய கொண்டையும்தான். வேறொன்றும் இல்லை அதில். என் அம்மா ஏழு மணி ஷிஃப்டுக்குப் போன காலைகளில் நான் படுக்கையிலிருந்து பார்த்தது இதைத்தான். அழுகை வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஒரு படம் பிடித்தால் பிடித்தது என்று வாயால் சொல்லச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். "என்னாச்சு மிஸ்?" என்று அவர்கள் கேட்டபோது, "கண்ணுல தூசி" என்றேன்.

யாழினி மட்டும் கயிற்றை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். ஐந்து வயது. சேர்ந்து மூன்று மாதம் ஆகியும் வருகைப்பதிவுக்கு "யெஸ் மிஸ்" சொன்னதைத் தவிர வகுப்பில் வாய் திறந்ததில்லை. அவள் அம்மாவுக்கு கார்மென்ட்ஸில் தையல் வேலை. காலை ஆறரைக்குத் தெருமுனையில் கம்பெனி வேன். "ஒரு தடவை திரும்பிப் பாத்தாத்தான் என்ன" என்று நான் எனக்குள் முணுமுணுத்தது அவளுக்குக் கேட்டிருக்கிறது. என் குரல் கேட்ட ஒரே பிள்ளை. படத்தைப் பார்த்தபடியே சொன்னாள்: "திரும்பிப் பாத்தா வேன் போயிடும் மிஸ்."

டச் அப்

பார்த்ததை வரையுங்கள் என்று அடுத்த வாரம் பேப்பர் கொடுத்தோம். யாழினி இரண்டு வகுப்பு நேரம் உட்கார்ந்து கறுப்பு போஸ்டர் கலர் பாட்டிலைக் காலி செய்தாள். பேப்பர் நிறைய ஒரு பெரிய கறுப்பு உருண்டை, அதற்குக் கீழே பச்சைப் புடவை. கறுப்பை வீணாக்குகிறாளே என்று ஒரு சத்தம்வேறு போட்டேன், எனக்கு வரும் அளவுக்கு.

சனிக்கிழமை பெற்றோர்களுக்குக் கண்காட்சி. கண்காட்சிக்கு முந்தின மதியம் என்ன நடக்கும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். வெளியே சொல்ல மாட்டோம். டச் அப். பிள்ளைகள் போட்ட கோடுகளின் மேல் ஸ்கெட்ச் பேனாவில் பார்டர், இல்லாத இடத்தில் கண், மூக்கு, எல்லாவற்றுக்கும் ஒரு சிரிப்பு. "நீட்டா இருக்கணும் மிஸ், அட்மிஷன் டைம்" என்று நர்சரியை நடத்தும் மேடம் சொல்லிவிட்டுப் பின்னாலேயே நின்றிருந்தார். பத்தொன்பதாவதாக யாழினியின் படம் வந்தது.

அது என்னவென்று தெரியாமல் செய்தேன் என்று இங்கே எழுதிவிட்டால் சுலபமாகத் தப்பித்துவிடலாம். ஆனால் பிரஷ் ஒரு நொடி நின்றது. அது கிறுக்கிய முகமில்லை, கொண்டை என்று எனக்குத் தெரிந்தது. மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். நாங்கள் ஸ்கின் கலர் என்று சொல்கிற, எங்கள் வகுப்பில் யாருக்குமே இல்லாத அந்த ரோஸ் நிறத்தை இரண்டு கோட் பூசி, காய்ந்ததும் கண் வைத்து, சிரிக்கவும் வைத்தேன். தரை துடைக்க வந்த ஆயா ரத்னம்மா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சும்மா கெடந்த பொம்மைங்கள எல்லாம் எதுக்கு மிஸ் இப்படி இளிக்க வெச்சிருக்கீங்க?"

கண்காட்சி

யாழினியின் அம்மா அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார். தர்ஷனின் அப்பா உள்ளே நுழைந்ததுமே மகனின் படத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார். யாழினி ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே போய், கடைசிவரை போய், திரும்ப முதலிலிருந்து வந்தாள்.

"என்னுது மாட்டல."

"இதோ பாரு, உன் பேரு போட்டிருக்கு" என்றார் அம்மா.

"இது நான் வரையல."

"இவ்ளோ அழகா வரைஞ்சிட்டு வரையலைங்கிறியே! எல்லாரும் பாக்கறாங்க. பொய் சொல்லாத."

"பொய் இல்ல." நர்சரியில் அவள் சத்தமாகப் பேசியது அன்றுதான். அதற்கு அவள் முதுகில் ஒரு தட்டு விழுந்தது.

"அது நான் வரைஞ்சது" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. சொல்லியாகிவிட்டது, போதும் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. ரத்னம்மா விடவில்லை. "ஏய், ஸ்வல்ப சும்மா இருங்கப்பா! மிஸ் ஏதோ சொல்றாங்க!" ஹால் அமைதியானது. அதே வாக்கியத்தை, இந்த முறை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டியதாயிற்று. மேடம் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.

"இது மட்டுமா?" என்றார் தர்ஷனின் அப்பா. "எல்லாத்துலயும் ஒரே சிரிப்பா இருக்கேன்னு அப்பவே பாத்தேன். அப்ப எங்க பையன் போட்டது எது?"

தர்ஷன் முந்திக்கொண்டான். "அந்தக் காது என்னுதுப்பா."

அவர் போனை எடுத்து ஸ்டேட்டஸை அழித்துக்கொண்டே சொன்னார்: "காது நல்லாத்தான் இருக்கு."

கடைசியில் போனவர்கள்

ஹால் காலியான பிறகும் யாழினியின் அம்மா அந்தப் படத்தின் முன்னால் குந்தியிருந்தார். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். ரோஸுக்கு அடியில் கறுப்பு தெரிந்தது.

"யாருடி இது?"

"நீதான்."

"மூஞ்சி எங்க?"

"அந்தப் பக்கம் இருக்கு. நீ வேலைக்குப் போறல்ல."

அம்மா சுரண்டுவதை நிறுத்திவிட்டார். "பொய்ன்னு சொல்லிட்டேனே" என்றார், என்னிடமும் இல்லை, மகளிடமும் இல்லை. தட்டிய இடத்தில் கையை வைத்துத் தடவினார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"புதுப் பேப்பர் தரேன் யாழினி, புது கறுப்பு பாட்டில் தரேன், திங்கட்கிழமை மறுபடி வரையலாமா?" என்றேன். அவள் தலையாட்டி மறுத்தாள். படத்தைச் சுவரிலிருந்து கழற்றி இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். "இது உங்க படம் மிஸ். நீங்களே வெச்சுக்கோங்க."

அம்மாவும் மகளும் படியிறங்கிப் போனார்கள். பார்க்கக் கற்றுத்தருகிறேன் என்று மாதச் சம்பளம் வாங்கும் நான், ஓர் ஐந்து வயதுக்காரி சரியாகப் பார்த்ததை இரண்டு கோட் ரோஸ் பூசி மூடி அதைச் சிரிக்கவும் வைத்தேன் என்பதே இதுவரையிலான என் தொழில் அனுபவம்.