அம்மா தேய்த்த விளக்கு மூடி

இன்று பாலிகஞ்சில் ஓர் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். கல்கத்தாவின் பழைய தெரு வரைபடங்களோடு, வீடுகளில் இருக்கும் இரண்டாம் உலகப் போர்க்காலப் பொருட்களையும் சேர்க்கிறார்கள்.

நான் கொண்டுபோனது கொள்ளுத்தாத்தாவின் பித்தளை மூடி. குண்டுபோடும் விமானங்களுக்கு வெளிச்சம் தெரியாதபடி தெருவிளக்குகளை மூடுவது அவர் வேலை. அவருடைய படம்கூட எங்களிடம் இல்லை. இது மட்டும்தான்.

காப்பகத்தில் பொருட்களை வாங்கும் தீதி (வங்காளத்தில் அக்கா) அந்தக் காலத் தெருவிளக்கின் வரைபடத்தை விரித்தார். மூடியின் உட்புறம் கறுப்பு வண்ணம் என்று அதில் இருந்தது. மூடியைத் திருப்பினார். உள்ளே தங்கமாக மின்னியது.

"கறுப்பு எங்கே?" என்று வங்காளத்தில் கேட்டார்.

வெளியே வந்து அம்மாவுக்கு ஃபோன் செய்தேன்.

"அந்தக் கரியா? நேத்து புளி போட்டு, கம்பி நார் வச்சுத் தேச்சேன்டி. அழுக்கோட குடுத்தா நம்மள என்ன நெனைப்பாங்க?"

உள்ளே போய்ச் சொன்னேன். தீதி சிரிக்கவில்லை. மேலதிகாரியைக் கேட்டுவிட்டு ஃபோன் செய்வதாகச் சொல்லி மூடியை வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "வாங்கிக்கிட்டாங்களா?"

"யோசிக்கிறாங்கம்மா."

"அங்க கறுத்துக் கெடக்கறது வேற ஏதாவது இருந்தா வாங்கிட்டு வா, தேச்சுத் தர்றேன்."

தீதியிடமிருந்து இன்னும் ஃபோன் வரவில்லை. பழைய பொருள் வைத்திருப்பவர்களே, அம்மா கண்ணில் படாமல் அதை எங்கே வைக்கிறீர்கள்?