விசையைத் தொடாத கை

மேவிஸ் தர்ட்டில் என்பவள் நான்கு பேரைக் கொன்றவள். எங்கள் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். இங்கிலாந்தின் சஃபோக் கரையில் மழையும் மீன் நாற்றமும் தவிர வேறு விசேஷம் இல்லாத ஊர் எங்களுடையது. அங்கே கடைத்தெருவில் எரிவாயு அடுப்பு விற்றுக்கொண்டிருந்தவள் அவள். வாங்க வந்தவர்களின் பிள்ளைக்கு மூக்குச் சிந்தி விடுவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பூனை மட்டும் உண்டு. அவளைப் போய் யார் கொலைகாரி என்பார்கள்? ஆனால் அவளே அப்படித்தான் சொன்னாள். நம்பியவள் நான் ஒருத்தி, அதுவும் ரொம்பத் தாமதமாக.

இருபது வயதில் படையில் சேர்ந்தாள். விமானங்களைச் சுட்டு வீழ்த்தும் பீரங்கிப் படையில் ஆணும் பெண்ணும் கலந்து வேலை செய்த காலம் அது. விமானம் எங்கே பறக்கிறது, குண்டு போய்ச் சேரும் நேரத்தில் எங்கே இருக்கும் என்று கண்டுசொல்லும் கருவியைப் பெண்கள் இயக்கினார்கள். குண்டை ஏற்றுவதும் சுடுவதும் ஆண்களின் வேலை. பெண் விசையைத் தொடக்கூடாது, அப்படி உத்தரவு. பிள்ளை பெறுகிறவள் உயிரை எடுக்கலாமா என்று லண்டனில் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து யோசித்திருப்பார்கள் போலும். எங்கே சுட வேண்டும் என்று சொல்லலாமாம், சுடத்தான் கூடாதாம். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

1943ஆம் வருஷம் மே மாதம், காலை பத்து மணிக்கு, ஒரு ஜெர்மன் விமானம் எங்கள் ஊர்க் கரைமேல் தாழப் பறந்து வந்தது. மேவிஸ் கருவியின் தொலைநோக்கியில் கண்ணை வைத்துக் கைச்சக்கரத்தைச் சுழற்றி அதைப் பின்தொடர்ந்தாள். விமானத்தின் மூக்கில் கண்ணாடிக்குள் ஒரு தலை தெரிந்தது. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் அந்தத் தலை, இடது தோள் கொஞ்சம் தாழ, பக்கவாட்டில் திரும்பியது. அவள் சக்கரத்தை விடவில்லை. பீரங்கி வெடித்தது. விமானம் உள்ளிருந்த நான்கு பேரோடு உருளைக்கிழங்கு வயலில் விழுந்து எரிந்தது.

அன்று மாலை அதிகாரி பெண்களை வரிசையில் நிறுத்தி, "நீங்க யாரையும் கொல்லல. அப்பா அம்மாவுக்கு நிம்மதியா லெட்டர் போடுங்க" என்றாராம். மற்றப் பெண்கள் நிம்மதியாக எழுதினார்கள். மேவிஸால் எழுத முடியவில்லை. அதற்குப் பிறகு பேருந்தில், கடையில், தேவாலயத்தில், முன்னால் இருக்கும் யாராவது தலையைத் திருப்பினால் அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

அந்த நான்கு பேரையும் எங்கள் தேவாலயத் தோட்டத்தின் வடக்கு மூலையில் புதைத்தார்கள். மேவிஸ் வாரம் தவறாமல் ஜாம் பாட்டிலில் பூ கொண்டுபோய் வைப்பாள். எதிரிக்கும் இரங்கும் தங்கமான மனசு என்று ஊர் மெச்சியது. அந்தப் பாராட்டு அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

அந்தப் பீரங்கியின் விசையை இழுத்தவனும் எங்கள் ஊர்க்காரன்தான், லென் கேட்ச்போல். போருக்குப் பிறகு முன்னாள் படைவீரர் கிளப்பில் பீர் ஊற்றிக் கொடுப்பது என் வேலையாயிற்று. முன்னறை ஆண்களுக்கு மட்டும். ஊற்ற ஒரு ஆள் வேண்டுமே என்று என்னை விட்டுவைத்திருந்தார்கள். ஒவ்வொரு நவம்பரிலும் போரில் இறந்தவர்களுக்கான நினைவு ஞாயிறு அணிவகுப்பு முடிந்ததும் லென் மார்பில் பதக்கங்களோடு வந்து ஆரம்பிப்பான்.

"ஜெர்மன்காரன் வந்தான். ஒரே போடு! கிழங்கு வயல்ல பொத்துன்னு விழுந்தான்!"

ஒரு வருஷம் மேவிஸ் பலகாரத் தட்டோடு வாசலில் நின்று, "நான் காட்டின இடத்துலதானே லென் போட்டீங்க?" என்றாள்.

"கேட்டீங்களாப்பா! எங்க வீட்டுக்காரியும் இதேதான். கார் ஓட்டுறது நான், பக்கத்துல உக்காந்து வழி சொல்றது அவ. ஊர் வந்து சேர்ந்தா அவதான் ஓட்டினாளாம்!"

கூரை அதிரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கு இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

1963இல் ஜெர்மன்காரர்களின் எலும்புகளை எடுத்து வேறோர் ஊரில் நாடு முழுக்க இறந்த ஜெர்மன்காரர்களுக்கென்று அமைத்த கல்லறைத் தோட்டத்தில் வைக்கப்போவதாகச் செய்தி வந்தது. அதற்கு முன் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று இறந்தவர்களில் ஒருவனுடைய தங்கை, ஹெட்விக் என்பவள், ஜெர்மனியில் லூபெக்கிலிருந்து வந்தாள். முப்பது வயது இருக்கும். பாதிரியார் லென்னை வரச் சொன்னார். மேவிஸ் தானாகவே போனாள். தனியாகப் போகத் தைரியம் இல்லை என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். என் அண்ணன் போரில் வடகடலில் கப்பலோடு மூழ்கிப் போனவன். ஜெர்மன்காரிக்கு நான் எதற்கு முகம் கொடுக்க வேண்டும் என்ற கடுப்பில்தான் நின்றேன்.

ஹெட்விக் கல்லறைமுன் குனிந்திருந்தாள். பாதிரியார் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பினாள். இடது தோள் தாழ, பக்கவாட்டில் திரும்பினாள். மேவிஸ் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

"அம்மா ஒண்ணு கேக்கச் சொன்னாங்க," என்றாள் ஹெட்விக், வார்த்தை தேடித் தேடி. "சுட்டவர் யாருன்னு. கோவம் இல்லைங்க. அவரும் ஒரு அம்மா பெத்த பிள்ளைதானே, மேல இருந்தவங்க சொன்னதைச் செஞ்சார். எங்க அண்ணன் யூர்கனுக்கு ஜெபம் பண்றப்ப அவருக்கும் பண்றாங்க."

பாதிரியார் லென்னைப் பார்த்தார். லென் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான்.

"நான் விசையை இழுத்தேங்க, அவ்வளவுதான். எங்க பாத்து இழுக்கணும்னு எனக்கென்ன தெரியும்? எல்லாம் அந்தக் கருவியிலேருந்து வரும். இதோ, இவதான் பாத்துக்கிட்டிருந்தா."

இருபது வருஷம் தூக்கிக்கொண்டு திரிந்த பெருமையை ஒரு நொடியில் அவள் தலையில் இறக்கி வைத்துவிட்டான். அவனை அங்கேயே அறையலாம் போலிருந்தது எனக்கு. மேவிஸ் மட்டும், கடைசியில் தன் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்பதுபோல் ஓரடி முன்னால் வந்தாள்.

"ஆமாம்மா. நான்தான். உங்க அண்ணன் கண்ணாடிக்குள்ள இருந்தார். நீங்க இப்ப திரும்பினீங்களே, அதே மாதிரி திரும்பினார். நான் சக்கரத்தை விட்டிருந்தா தப்பிச்சிருப்பார். தெரிஞ்சுதான் விடாம பிடிச்சேன்."

ஹெட்விக் அவளையே பார்த்தாள். அவளுடைய மழைக்கோட்டை, கைப்பையை, கையிலிருந்த ஜாம் பாட்டிலைப் பார்த்தாள். அவள் கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். மேவிஸ் அதற்குத்தான் நின்றாள்.

"இல்ல," என்றாள் ஹெட்விக் மெதுவாக. "நீங்க பொம்பளை. இதை அம்மாகிட்ட சொல்ல முடியாது. சண்டையெல்லாம் ஆம்பளைங்க பண்றது, ஒரு பொண்ணு இன்னொருத்தி பிள்ளைய இப்படிப் பண்ணமாட்டான்னுதான் அவங்க இத்தனை நாள் உயிரோட இருக்காங்க. ஒரு ஆளைப் பாத்தேன், குடும்பஸ்தர், நல்லவர்னு சொல்லிடறேன். மன்னிச்சுக்கங்க."

போகும்போது லென்னின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். லென்னின் கையை! அம்மா பின்னிக் கொடுத்தனுப்பிய சாம்பல் நிறக் கையுறைகளை அவனிடம் கொடுத்தாள். அந்தக் கோழை வாங்கியும் கொண்டான்.

நாங்கள் கடற்கரைச் சாலை வழியாகத் திரும்பினோம். படகுத்துறை தாண்டியதும் மேவிஸ் நின்றாள்.

"அவ என்னைத் திட்டுவான்னு இருந்தேன் ஜாய்ஸ். இருபது வருஷமா அதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். ரெண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்ல?"

என்ன ஆறுதல் சொல்வது? போர் என்றால் அப்படித்தான், உன் தப்பு இல்லை, நீ சுடவில்லை என்றெல்லாம் வாய்வரை வந்தது. அந்த அதிகாரி சொன்னதும் அதுதான், கிளப்பில் சிரித்ததும் அதுதான், சற்று முன் அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போனதும் அதுதான். அதனால் அவள் முகத்தைப் பார்த்து வேறு சொன்னேன்.

"ஆமா மேவிஸ். நீதான் அவனைக் கொன்னே."

மேவிஸ் ஜாம் பாட்டிலைக் கைப்பிடிச் சுவரின்மேல் வைத்தாள். என் தோளில் சாய்ந்து, நடுத்தெருவில், வாய்விட்டு அழுதாள்.