லேசான துரு

என் அண்ணனுக்கு வண்டிகளின் அடிவயிற்றைப் பார்ப்பதுதான் வேலை. இருபத்திரண்டு வருஷமாகச் சோதனை நிலையத்தின் பள்ளத்துக்குள் நின்று, தலைக்கு மேல் நிற்கும் வண்டியைச் சின்னச் சுத்தியால் தட்டித் தட்டிக் கேட்கிறான். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கை சும்மா இருக்காது. நாற்காலியைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவான். எவ்வளவு பெரிய ஆள் வந்து நின்றாலும் வளைந்துகொடுக்க மாட்டான் என்று ஊரே சொல்லும். நானும் அப்படித்தான் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

என் வீட்டுக்காரரிடம் ஒரு சிவப்புக் கார். பார்க்கச் சின்னது, பின்கதவு மேலே தூக்கித் திறக்கும். உள்ளே இருப்பதோ பந்தயத்துக்குப் போகிற எஞ்சின். வாங்கின மூன்றாம் வருஷம் நடந்த முதல் சோதனையில் ஒரு குறை இல்லை. இவர் சும்மா இருந்தாரா? வளைவில் பறக்க வேண்டுமென்று வண்டியைத் தாழ்த்தினார். ஐந்தாம் வருஷம் டயர்களின் உள்விளிம்பு தேய்ந்து கம்பி தெரிந்தது. ஏழாம் வருஷம் சக்கரத்தைத் தாங்கும் ரப்பர்கள் கிழிந்தன. எட்டாம் வருஷம் அண்ணன் தாளில் எழுதினான்: "பிரேக் குழாயில் லேசான துரு. கவனிக்கவும்." அடுத்த நான்கு வருஷமும் அதே வரி. இவர் கண்ணுக்குத் "தேர்ச்சி" என்ற ஒரு சொல்தான் தெரியும், மனுஷன்!

இந்த வருஷம் மகள் ஓட்டுநர் உரிமம் வாங்கினாள். வண்டி அவளுக்குத்தான் என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். சோதனைக்கு முந்தின நாள் அடியில் படுத்து, தார் மாதிரி ஒரு கருப்புப் பூச்சைக் குழாய் மேலெல்லாம் அப்பினார்.

பூச்சைச் சுரண்டிப் பார்க்கச் சோதனைக்காரருக்கு அனுமதி இல்லை. ஆனால் அது அண்ணனின் கட்டைவிரலில் தானே ஒட்டிக்கொண்டு வந்தது.

"மாப்பிள்ள, இது எப்ப பூசினது?"

"போன மாசம், மச்சான்."

"இன்னும் காயலையே."

தேர்ச்சி இல்லை என்று எழுதிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து இவர் குதித்த குதி! "தங்கச்சி வீட்டு வண்டின்னு கூடப் பாக்கல பாரு, உங்கண்ணன்!" இரண்டு வாரம் கழித்து, பூச்சு நன்றாகக் காய்ந்தபின், வேறு நிலையத்தில் காட்டினார். தேர்ச்சி. சாவி மகள் கைக்குப் போனது.

இன்று காலை அண்ணன் மூச்சிரைக்க வந்து நின்றான். கையில் பழைய சோதனைத் தாள்கள்.

"வண்டி எங்க?"

"உன் மருமக இப்பத்தான் எடுத்துட்டுப் போனா. ஏண்ணே, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"அஞ்சு வருஷமும் 'லேசான'ன்னே எழுதியிருக்கேன். அதுல மூணாவது தடவையே குழாய மாத்தச் சொல்லியிருக்கணும். உன் வீட்டு வண்டிதானேன்னு போன வருஷத் தாளப் பாத்து அப்படியே எழுதிட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஊருக்கெல்லாம் கறாரு, எனக்கு மட்டும் தாராளமா?" என்று கத்தினேன். அவன் வண்டி நின்ற இடத்தில் குனிந்தான். சிமெண்டுத் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். தொட்டு, விரல்களைத் தேய்த்து, முகர்ந்து பார்த்தான்.

"பிரேக் ஆயில். எந்த வழியாப் போனா?"

"மேட்டு ரோடு."

அந்தப் பக்கம் ஏறினால் மறுபக்கம் முழுக்க இறக்கம். மகளுக்குப் போன் போட்டேன். மணி எங்கள் வீட்டுக்குள்ளேயே அடித்தது. அடுப்படி மேடையில் அவள் போன் சார்ஜில் கிடந்தது.

அண்ணன் தெருமுனைக்கு ஓடிக்கொண்டிருந்தான். இவர் பல்துலக்கியோடு வாசலுக்கு வந்து, "வண்டி பாஸானதுதானே?" என்று கேட்டார்.